வெளிப்புறச் சுத்தத் தொழிலுக்கு ட்ரெய்லர் அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷினான பிரஷர் வாஷரையும் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசல், மொட்டை மாடி, மில் களம், கல்யாண மண்டபம் என்று தேடிப் போய்க் கழுவிக் கொடுக்கும் வேலையைத் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதே தொழிலில் இறங்க நினைக்கும் தம்பிமார்கள் ஈரோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் தொலைபேசியில் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்களாக இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

ஏனுங்க, ட்ரெய்லர்னா அதுல என்னென்ன இருக்கணுங்க?

தண்ணீர்த் தொட்டி, எஞ்சினோடு கூடிய பம்பு, ஹோஸ் சுற்றி வைக்கும் ரீல், அழுக்கையும் பாசியையும் போக்கும் மருந்துகளுக்கான பெட்டி, இவை அனைத்தையும் தாங்கும் சட்டம் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். மற்றவற்றை வருமானம் வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மெஷினை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற வண்டியைத் தேடுகிறவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். வரிசை அதற்கு நேர் மாறாக இருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீரைச் சுமக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த எடையைத் தாங்கும் வண்டியைத் தேர்ந்து, மெஷினைக் கடைசியில் வாங்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பல இந்தத் தண்ணீர் எடையைத் தொட்டே வரும்.

ட்ரெய்லரே வேணுங்களா? குட்டி யானையில வச்சுக்கிட்டா ஆகாதுங்களா?

ஆகும், ஆனால் கணக்குப் பார்த்துத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குட்டி யானை சுமக்கும் எடை ஏறத்தாழ முக்கால் டன். 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் அரை டன் அதிலேயே போய்விடும். எஞ்சினும் பம்பும் நூறு கிலோ அளவுக்கு வரும். சட்டம், ஹோஸ், ரீல், மருந்துக் கேன்கள் எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன் முடிந்துவிடும். ஆகவே குட்டி யானையில் 500 லிட்டருக்கு மேல் நினைக்கவே கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் பிக்கப் வண்டிதான் பொருத்தம்.

டவுனில் சந்து சந்தாக வீட்டு வேலை செய்பவருக்கு, மெஷினையும் தொட்டியையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டிப் பிக்கப்பின் மேல் இறக்கி வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். மில், குடோன், பள்ளிக்கூடம் என்று ஒரே வளாகத்தில் மூன்று நான்கு நாள் வேலை எடுப்பவருக்குத்தான் ட்ரெய்லரின் அருமை தெரியும். அதை அங்கேயே கழற்றி நிறுத்திவிட்டு, இழுத்து வந்த வண்டியை வேறு வேலைக்கு அனுப்பலாம்.

டேங்க் எத்தனை லிட்டர் வைக்கறதுங்க? ஆயிரம் வச்சாத்தான் கட்டுமுங்களா?

இதற்கு விடை உங்கள் தொட்டியில் இல்லை, வாடிக்கையாளர் வீட்டுக் குழாயில் இருக்கிறது. மெஷின் நிமிடத்துக்கு 15 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். குழாயே இல்லாத இடத்தில் 500 லிட்டர் தொட்டி 33 நிமிடத்தில் காலி. ஆனால் அந்த வீட்டுக் குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால், தொட்டியிலிருந்து குறைவது நிமிடத்துக்கு 5 லிட்டர் மட்டுமே. அதே 500 லிட்டர் அப்போது 100 நிமிடம் வரும். அதிலும் ஹோஸை இழுப்பது, பொருள்களை நகர்த்துவது என்று கன்னை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை, விட்டு நிற்கும் நேரத்தில் தொட்டி மறுபடி ஏறிக்கொண்டிருக்கும்.

வேலையைப் பேச முதலில் போகும்போதே 15 லிட்டர் பக்கெட் ஒன்றை எடுத்துப் போய்க் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறேன். 90 நொடிக்குள் நிறைந்தால் 500 லிட்டர் தொட்டி தாராளம். குழாய் நூலாக ஒழுகும் இடத்தில், முக்கியமாகச் சித்திரை, வைகாசியில், லாரித் தண்ணீர் வரவழைப்பது யார் பொறுப்பு என்பதை முன்பணம் வாங்கும் முன்பே பேசிவிட வேண்டும். தொட்டி நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ளும் ஃப்ளோட் வால்வு ஒன்றை உள்ளே பொருத்திவிட்டால், வழிந்து வாசலெல்லாம் தண்ணீராகும் சங்கடம் இராது.

மொட்டை மாடியில வைக்கற டேங்கையே வண்டியில கட்டிக்கலாங்களா?

உயரமான உருண்டைத் தொட்டியை வைக்கக் கூடாது. அது ஒரே இடத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. என் முதல் ட்ரெய்லரில் ஆயிரம் லிட்டர் உருண்டைத் தொட்டியைத்தான் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். ஒரு மாலையில் பாதித் தண்ணீரோடு காங்கேயம் சாலையில் திரும்பி வரும்போது ஆட்டு மந்தை குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. தொட்டிக்குள் முன்னே பாய்ந்த தண்ணீர் ட்ரெய்லரையும் வண்டியையும் சேர்த்து ஒரு தள்ளுத் தள்ளியது. ஆடுகள் தப்பியது மேய்த்து வந்தவரின் சாமர்த்தியமே ஒழிய என்னுடையது அன்று.

பாதி நிறைந்த தொட்டிதான் ஆபத்தானது. சாலையில் போகும்போது தொட்டி முழுக்க நிறைந்திருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். குள்ளமாகவும் அகலமாகவும் இருக்கும் லாஃப்ட் டேங்க் வகையையோ, உள்ளே தடுப்புப் பலகைகள் வைத்த தொட்டியையோ வாங்குங்கள். ஆயிரம் லிட்டர் கட்டாயம் வேண்டும் என்றால், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு 500 லிட்டர் தொட்டிகளை வைத்து, ஒன்றை முழுதும் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறக்கலாம். கயிற்றை நம்பாமல் ஆங்கிள் இரும்பில் கூண்டு அடித்து, நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

எதை முன்னால வைக்கறது, எதைப் பின்னால வைக்கறதுங்க?

ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதைவிடக் குறைந்தால், வேகம் கூடியதும் ட்ரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். மிகவும் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி குறையும். மொத்தம் 1,050 கிலோ என்றால் கொக்கியின் மேல் 105 முதல் 157 கிலோ வரை இருக்கலாம்.

தொட்டியின் நடுப்பகுதி சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்றே முன்னாலோ வர வேண்டும். அப்படி வைத்தால் தண்ணீர் தீரத் தீர எடை மாறினாலும் சமநிலை பெரிதாக மாறாது. எஞ்சினும் பம்பும் முன்பக்கம், ரீல் பின்பக்கம், மருந்துப் பெட்டி பின்னால் தாழ்வாக, எஞ்சினிலிருந்தும் பெட்ரோல் கேனிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். சரிபார்க்க எடைமேடையே போதும், நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ட்ரெய்லரை மட்டும் கழற்றி ஏற்றி ஒரு முறையும், வண்டியோடு பூட்டி ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறையும் எடை போட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொக்கியின் மேல் அழுந்தும் எடை.

கடைக்காரர் 250 பார் மெஷின்னு சொல்றாருங்க. அதையே வாங்கீறலாங்களா?

பார் என்பது தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் அலகு; அழுக்கைப் பெயர்ப்பது அந்த அழுத்தம். பெயர்ந்த அழுக்கை அடித்துக்கொண்டு போவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. பாரை மட்டும் கூட்டி லிட்டரைக் குறைத்த மெஷின் சுவரில் கோடு போடுமே ஒழிய வேலை முடியாது. வாசலும் களமும் கழுவ 200 பார், 15 லிட்டர் மிகவும் போதுமானது.

கடையில் சொல்வது நிஜமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. பாரையும் லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி கிலோவாட்டில் வரும். 250 பார், 15 லிட்டர் என்றால் 6.25 கிலோவாட், அதாவது ஏறக்குறைய எட்டரை எச்.பி. ஐந்து எச்.பி. எஞ்சினைக் காட்டி இவ்வளவும் வரும் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம். பம்பிலும் எஞ்சினிலும் ஏற்படும் இழப்பையும், எஞ்சினை எப்போதும் உச்சத்தில் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 200 பார், 15 லிட்டருக்கு 13 எச்.பி. பெட்ரோல் எஞ்சின் நிம்மதியாக இருக்கும்.

கரண்ட்ல ஓடறது வாங்குனா பெட்ரோல் செலவு மிச்சமாகுமில்லீங்களா?

மேலே சொன்ன கணக்கையே இங்கும் போடுங்கள். வீட்டுப் பிளக்கில் 16 ஆம்பியரும் 230 வோல்ட்டும் சேர்ந்தால் மூன்றேமுக்கால் கிலோவாட்டுக்கும் குறைவு. ஆகவே சிங்கிள் பேஸில் ஓடும் மெஷின் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டரோடு நின்றுவிடும். காருக்கும் சிறு வாசலுக்கும் சரி, அதைக் கொண்டு தொழில் நடத்த முடியாது. ஈரத்தில் நீளமான ஒயரை இழுப்பதில் உயிராபத்தும் உண்டு; 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

மில்லுக்கு உள்ளே, காற்றோட்டமில்லாத கூடத்தில் கழுவ வேண்டியிருந்தால் நிலைமை வேறு. பெட்ரோல் எஞ்சினின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் கொல்லும். எஞ்சினை வெளியே நிறுத்தி நீண்ட ஹோஸை உள்ளே இழுங்கள், அல்லது மில்லின் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் மெஷினைப் பயன்படுத்துங்கள்.

பட்டறையில சொல்லி ட்ரெய்லர் அடிச்சுக்கிட்டா ஆர்.டி.ஓ.வுல பிரச்சினை வருமுங்களா? தோட்டத்து டிராக்டர் ட்ரெய்லரே சும்மா கிடக்குதுங்களே?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே ட்ரெய்லரும் அடங்கும். அதற்கெனத் தனிப் பதிவு எண் வேண்டும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் எதையும் அழகாக அடித்துக் கொடுப்பார்கள், ஆனால் அழகு பதிவாகாது. பதிவுக்குத் தேவையான தாள்களைக் கொடுக்க முடியுமா என்று பட்டறையில் கேட்டு, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் உறுதிப்படுத்திய பிறகே முன்பணம் கொடுங்கள். விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டர் ட்ரெய்லரைக் கூலித் தொழிலுக்கு ஓட்டக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிடும்.

எடைக்கும் சட்டம் உண்டு. 2019-இல் திருத்தப்பட்டபடி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அதன்மேல் சேரும். குட்டி யானையில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைக்கப் பார்ப்பவர்கள் இதையும் செலவில் எழுதிக்கொள்ளட்டும்.

போர்த் தண்ணி அடிச்சுட்டு வந்தா, காஞ்சதுக்கப்புறம் கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையா நிக்குதுங்க.

அது சுண்ணாம்பும் உப்பும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு கரைந்த உப்புகளை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. நம் காட்டுப் போர்வெல்களில் பலவற்றின் தண்ணீர் வாயில் வைக்க முடியாதது. தரைக்கும் களத்துக்கும் அதனால் குற்றமில்லை. கண்ணாடி, கறுப்புக் கிரானைட், சோலார் பேனல் ஆகிய மூன்றுக்கும் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்ய வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற ஊர்களுக்கு 200 லிட்டர் கேன் ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீரை இரவே நிரப்பி வண்டியில் தனியாக வைத்துக்கொள்கிறேன். போர்த் தண்ணீரில் வரும் மணலுக்கு, தொட்டியில் ஏறும் இடத்திலும் பம்புக்குப் போகும் இடத்திலும் ஆக இரண்டு வடிகட்டிகள் வேண்டும்.

மில்லு மேல சோலார் இருக்குதுங்க, அதையும் மெஷின்லயே அடிச்சரலாங்களா?

கூடாது. பேனலுக்கு மிருதுவான பிரஷ்ஷும் முந்தின பதிலில் சொன்ன நல்ல தண்ணீரும் மட்டுமே. நண்பகலில் தகிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம் என்பதால், வெயில் ஏறும் முன் வேலையை முடித்துவிட வேண்டும். விரிசல் கண்ட பேனல் இருந்தால் அதைத் தொடாமல் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும்.

பாசிக்கு ஹைப்போவும் டைல்ஸ் கறைக்கு ஆசிட்டும் ஒரே வண்டியில வச்சுக்கலாங்களா?

ஒரே வண்டியில் வைக்கலாம், ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ட்ரெய்லரின் இரு பக்கங்களில், தனித்தனிப் பிளாஸ்டிக் தட்டங்களில் வையுங்கள். கேன், வாளி, பம்பு எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. ஒரு தரையில் ஒன்றை அடித்தால், நன்றாக அலசிவிடாமல் மற்றதை அதே நாளில் எடுக்காதீர்கள்.

12 சதவீத ஹைப்போவில் ஒரு பங்குக்கு 11 பங்கு தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். சுவர்ப் பாசிக்கு அது போதும். வெளிநாட்டு வீடியோக்களில் பம்பு உறைந்து போகாமல் காப்பது எப்படி என்று அரை மணி நேரம் சொல்கிறார்கள். நமக்கு வெயில்தான் எதிரி. வெயிலில் நிற்கும் கேனில் ஹைப்போவின் வீரியம் நாளுக்கு நாள் குறையும், உள்ளே வாயு சேர்ந்து கேனும் உப்பும். காற்றுப் போகும் மூடியுள்ள கேனில், நிழலில், பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வையுங்கள்.

ஆடி மாசத்துல வேலை எடுக்கலாங்களா?

எடுக்கலாம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒரு சுவருக்கு அடிக்கும் ஹைப்போ பக்கத்துத் தோட்டத்து முருங்கையில் போய் விழும், காயும் துணியையும் வெளுக்கும். மருந்து வேலையைக் காற்று அடங்கியிருக்கும் விடியலில் வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீர் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். செடிகளை மருந்து அடிக்கும் முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். வருமானத்துக்கு மார்கழிதான் காலம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாளுக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே வாரத்தில் அழைப்பார்கள்.

பழைய ஷெட்டு சிமெண்ட் ஷீட்டு கறுத்துக் கிடக்குதுங்க, அடிச்சா வெளுக்குமுங்களா?

வெளுக்கும், அதனால்தான் ஆபத்து. பழைய சாம்பல் நிற சிமெண்ட் ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அழுத்தத் தண்ணீர் அதன் மேற்பரப்பைப் பெயர்த்து நார்களை வெளிவிடும். காய்ந்ததும் அவை காற்றில் பறந்து நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். ஷீட்டின் மேல் ஏறினால் அது உடைந்து விழும் அபாயமும் உண்டு. எத்தனை பெரிய மில்லாக இருந்தாலும் இந்த வேலையை நான் எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

கோழிப்பண்ணை வேலை நெறைய வருதுங்களே, போலாங்களா?

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைக்கும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைக்கும் போகலாம். ஆனால் ஒரு நாளுக்கு ஒரே பண்ணைதான். வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகக்கூடியவை. ட்ரெய்லரின் அடிப்பாகம், சக்கரம், ஹோஸ், பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவிக் கிருமிநாசினி அடித்த பிறகே வாசலைத் தாண்ட வேண்டும்.

ஷெட் காலியாக இருக்கும் இடைவெளியில், எருவைக் காய்ந்த நிலையிலேயே வழித்தெடுத்து, பிறகு ஊற வைத்துக் கழுவி, கடைசியில் மருந்து அடிப்பதே முறை. எருவின் மேலேயே ஹைப்போவை ஊற்றினால் அதன் வீரியம் எருவிலேயே தீர்ந்துவிடும். எருவில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து, ஆசிட் பற்றிய பதிலில் சொன்னது போலவே நச்சு வாயுவும் கிளம்பும்.

கழுவுன தண்ணியை எங்கீங்க விடறது? பக்கத்துலயே வாய்க்கால் இருக்குது.

வாய்க்காலில் விடக் கூடாது. சாயக்கழிவால் நொய்யல் பட்டபாட்டையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த ஊர் இது. வெறும் மண்ணும் தூசியும் கலந்த தண்ணீர் தென்னை வட்டப்பாத்திக்குப் போகலாம். மருந்தோ எண்ணெயோ கலந்ததை மணல் மூட்டைகளால் அணைகட்டி நிறுத்தி, மில்லின் சொந்தக் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் எண்ணெய்க் கறை வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பம்பு கடகடன்னு சத்தம் போடுதுங்க, ஆயிலும் பால் மாதிரி இருக்குது.

இரண்டும் வெவ்வேறு நோய்கள். கடகட சத்தம் தண்ணீர் போதாமல் பம்பு காற்றை இழுப்பதன் அடையாளம். மேலே சொன்ன வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது தொட்டியிலிருந்து வரும் குழாய் சிறுத்திருக்கும். ஒரு அங்குலக் குழாய் போட்டு, தொட்டியின் அடிமட்டம் பம்பைவிட உயரமாக இருக்கும்படி வைத்தால் சத்தம் நிற்கும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் தேய்ந்து உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அன்றைக்கே நிறுத்தி சீல் மாற்ற வேண்டும். கன்னை விட்ட நிலையில் எஞ்சினை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட விடுவதும் சீலைக் கெடுக்கும், ஏனெனில் அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிக் கொதிக்கிறது. அந்தத் தண்ணீர் தொட்டிக்கே திரும்பும்படி ஹோஸ் போட்டுவிடுவது நல்லது.

வால்பாறையில எஸ்டேட் பங்களா வேலை ஒண்ணு கூப்பிடறாங்க. ட்ரெய்லரை இழுத்துட்டுப் போலாங்களா?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ட்ரெய்லரோடு போக வேண்டாம். பிக்கப்பில் சட்டத்தோடு மெஷினை ஏற்றி, தொட்டியைக் காலியாகவே கொண்டு போங்கள். மழைக்குப் பேர்போன ஊரில் தண்ணீருக்குக் குறைவிராது. பங்களாத் தொட்டியிலேயே நிரப்பிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும், மிச்சம் நூறு லிட்டர்தானே என்று வைத்துக்கொள்ளாமல் அடியடைப்பைத் திறந்து முழுவதும் வடித்துவிட்டு, ஏறி வந்த கியரிலேயே இறங்குங்கள்.